நீல நண்டு பிடிக்க முதல் முறை போகிறவர் எதை வாங்கலாம்?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் ஒரு தூண்டில் கடைக்குள் நுழைந்தால், நண்டுக்கென்றே ஒரு சுவர் முழுக்கச் சாமான் தொங்கும். பருத்திக் கயிறும் ஈயக்குண்டும், நீளக் கைப்பிடி வலை, வளைய வலை, மடக்குக் கூண்டு, ஆளுயரத்தில் பாதி அடுக்கி வைத்த கம்பிப் பெட்டிகள், படகுக்காரர்களுக்கான நூற்றுக்கணக்கான அடி கயிற்றுச் சுருள். எல்லாமே நண்டு பிடிக்கும். ஆனால் எல்லாமே எல்லா இடத்துக்கும் ஆகாது, சில மாநிலங்களில் சிலவற்றுக்குச் சட்டமும் இடம் கொடுக்காது.

இங்கே பேசுவது அட்லாண்டிக் நீல நண்டைப் பற்றி. பாக் நீரிணையில் வலையில் ஏறும் நீலக்கால் நண்டு இதற்கு உறவுதான், ஆனால் இனம் வேறு. இது கடலும் ஆறும் கலக்கும் கழிமுகங்களில் வாழ்வது. மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் செசபீக் விரிகுடாவுக்குத்தான் பேர் அதிகம். நியூ ஜெர்சியின் பார்னகாட் விரிகுடா, வட கரோலினாவின் பாம்லிகோ நீர்ப்பரப்பு, டெக்சாஸின் கால்வெஸ்டன் விரிகுடா என்று கரை நெடுகக் கிடைக்கும். கடைசி ஜோடிக் கால்கள் துடுப்பு மாதிரி தட்டையாக இருப்பதால் இந்த நண்டு நன்றாக நீந்தும். இரையின் வாசனை தண்ணீரில் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு வரும். பயந்தால் அதே வேகத்தில் திரும்பிப் போகும். எந்தச் சாமானை எடுத்தாலும் இந்த இரண்டு குணத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்துக்குக் கைக்கயிறும், ஒரு வலையும், கூடவே இரண்டு மூன்று மடக்குக் கூண்டும் போதும். அதிகமாகப் பிடித்துத் தருவதாலல்ல, நண்டு எங்கே நிற்கிறது, எப்போது இரைக்கு வருகிறது, எப்படி விட்டுவிட்டு ஓடுகிறது என்று கண்ணுக்குக் காட்டுவதால்தான் இவற்றைச் சொல்கிறேன். கம்பிப் பெட்டி அதையெல்லாம் மறைத்துவிடும். நிறையப் பிடிக்கும் வழியை இரண்டாம் வருஷம் யோசிக்கலாம்.

கைக்கயிறு

இருப்பதிலேயே எளிய முறை இது. பத்துப் பதினைந்து அடி கயிறு, நுனியில் ஒரு கோழிக்கழுத்து, அது அடியில் போய் உட்கார ஒரு ஈயக்குண்டு. மறுமுனையைத் தண்ணீருக்குள் நீளும் மீன்பிடி மேடையின் கைப்பிடியிலோ கரையில் அடித்த குச்சியிலோ கட்ட வேண்டும். கொக்கி தேவையே இல்லை. நண்டு இரையைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டு தின்னும், அந்தப் பேராசையை நம்பித்தான் மொத்த வேலையும்.

நண்டு வந்ததும் கயிறு லேசாக இறுகும், அல்லது நேராகத் தொங்கியது பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். இங்கேதான் புதியவர்கள் கோட்டைவிடுவார்கள். மீன் கடித்தது போல வெடுக்கென்று இழுத்தால் கையில் வருவது வெறும் கழுத்துதான். இரண்டு விரலால், நண்டுக்கே தெரியாத அளவு மெதுவாக, இழுக்கிறோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் வேகத்தில் தூக்க வேண்டும். வெளிச்சம் எட்டும் உயரத்துக்கு வந்ததும் அது நம்மைப் பார்க்கும். நிழல் தண்ணீரில் விழுந்தாலும் இரையை விட்டுவிடும். அதனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்காமல் இருப்பது நல்லது. நண்டு மங்கலாகத் தெரிந்ததும் கயிற்றை அப்படியே நிறுத்திவிட வேண்டும். கூட இருப்பவர் வலையை நண்டுக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இறக்கி, கீழிருந்து ஒரே வீச்சில் அள்ள வேண்டும். மேலிருந்து வலையைக் கவிழ்த்தால் வேலைக்காகாது. பயந்த நண்டு கீழ்நோக்கித்தான் பாயும், அங்கே வலை காத்திருக்க வேண்டும்.

ஒருவரே கயிறும் வலையும் பார்ப்பது முடியாததில்லை, சிரமம். இரண்டு பேர் வேண்டும் என்பது இந்த முறையின் குறை என்றும் சொல்லலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே அதன் சிறப்பு என்றும் சொல்லலாம். எட்டு வயதுப் பிள்ளை கயிறு இழுக்க, பெரியவர் வலை பிடிக்க, ஒரு மதியம் ஓடிவிடும். 'மெதுவா, மெதுவா' என்று கத்துகிற சத்தத்துக்கு நண்டு ஓடாது. மேடையில் தடதடவென்று ஓடினால்தான் ஓடும்.

வலையை மட்டும் யோசித்து வாங்க வேண்டும். மெல்லிய நைலான் நூல் வலை மலிவு. ஆனால் நண்டு அதில் கொடுக்கு, கால், முள் எல்லாவற்றையும் சிக்க வைத்துக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் அடுத்த மூன்று நண்டு இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். கம்பி வலையோ ரப்பர் பூசிய வலையோ என்றால் கவிழ்த்து ஒரு உதறு உதறினால் கூடைக்குள் விழுந்துவிடும். கயிற்றில் மிச்சம் பிடித்த காசை இங்கே செலவு பண்ணலாம்.

மேரிலாந்தில் இன்னொரு அனுகூலமும் உண்டு. கைக்கயிறும் கைவலையும் மட்டும் வைத்துப் பிடிக்கிறவருக்கு அங்கே நண்டு உரிமம் வேண்டாம். மடக்குக் கூண்டோ ட்ராட்லைன் என்ற நீளக் கயிறோ எடுத்தால் வேண்டும்.

வளைய வலையும் மடக்குக் கூண்டும்

வளைய வலை என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே கட்டிய வலை. தரையில் தட்டையாகப் படுத்திருக்கும், தூக்கினால் கூடையாகிவிடும். மடக்குக் கூண்டு கம்பியில் செய்த பெட்டி. அடியில் போய் உட்கார்ந்ததும் நான்கு பக்கக் கதவும் விரிந்து விழும், கயிற்றை இழுத்தால் நான்கும் ஒன்றாக மூடும். கைக்கயிறு மாதிரி இதில் நண்டை ஏமாற்றி மேலே கொண்டுவர வேண்டியதில்லை, வலை வீச ஆளும் வேண்டாம். தனியாகப் போகிறவருக்கு இதுதான் சரி. உயரமான மேடையிலிருந்து பிடிக்கிறவருக்கும் இதுதான், ஏனென்றால் பன்னிரண்டடி கீழே இருக்கும் தண்ணீருக்கு எந்தக் கைப்பிடி வலையும் எட்டாது.

கைக்கயிற்றுக்கு நேர் எதிரான கை வேண்டும் இதற்கு. முதல் இழுப்பு வேகமாக, கதவு நான்கும் ஒரே நேரத்தில் மூடும்படி இருக்க வேண்டும். அப்புறம் நிற்காமல் சீராகத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் கயிறு தளர்ந்தால் கதவு திறக்கும், நண்டுக்கு அது போதும். போட்டுவிட்டு ஐந்து முதல் பதினைந்து நிமிஷம் விட்டுப் பார்க்கலாம். நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம், ஆவல் அப்படி. அரை மணி நேரம் விடுவதும் வீண். கதவு திறந்தே கிடப்பதால் தின்று முடித்த நண்டு தன் வழியில் போய்விடும்.

இரண்டில் எது என்றால், அடிப்பகுதி சேறாகவோ மணலாகவோ சமமாக இருந்தால் கூண்டு. பாறையும் கட்டைகளும் கிடக்கிற இடத்தில் கூண்டின் ஒரு கதவு எதிலாவது முட்டிக்கொண்டு விரியாமல் நிற்கும், மூடும்போதும் சிக்கும். அங்கே வளைய வலை பிழைத்துக்கொள்ளும். ஆனால் மேல்பக்கம் திறந்தே இருப்பதால் தூக்கும் வழியில் நண்டு நீந்தித் தப்புவது அதில் அதிகம்.

மூன்று கூண்டைப் பத்தடி இடைவெளியில், வெவ்வேறு ஆழத்தில் போட்டுப் பாருங்கள். எது நிரம்புகிறதோ மற்ற இரண்டையும் அதன் பக்கத்துக்கு நகர்த்துங்கள். மேடையின் தூண் ஓரமா, புல்வெளியின் விளிம்பா, ஓடையின் வாயா என்று அந்த இடத்தின் வரைபடம் இப்படித்தான் மனதில் பதியும்.

கம்பிப் பெட்டி

பெரும்பாலானோர் 'நண்டுக் கூண்டு' என்றதும் நினைப்பது இதைத்தான். வர்ஜீனியாவின் ஹாரிஹோகனைச் சேர்ந்த பெஞ்சமின் லூயிஸ் என்பவர் 1928இல் காப்புரிமை பெற்று, பிறகு 1938இல் திருத்தி அமைத்தது. கீழ் அறையில் இரைப் பெட்டி இருக்கும். புனல் வடிவ வாயில்கள் வழியாக நண்டு உள்ளே வரும். தின்று முடித்து வெளியேறப் பார்க்கும்போது மேல்நோக்கி நீந்தும் பழக்கத்தால் மாடி அறைக்குப் போய் மாட்டிக்கொள்ளும். மூளையுள்ள வடிவமைப்பு. செசபீக்கின் நண்டுத் தொழிலே இதனால் மாறியது.

போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வந்து எடுக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. சொந்தப் படகுத்துறை உள்ள வீட்டில் இருப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு புதியவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பொது மேடையில் விட்டுப் போனால் அது உங்களுடையதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், நீங்கள் இல்லாத நேரத்திலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும் என்பது. கரையோர உப்புச் சதுப்புகளில் வாழும் டெரபின் ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இரை வாசனைக்கு உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாமல் மூழ்கிச் சாகும். அதனால் மேரிலாந்து, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் புனல் வாயிலில் ஆமை நுழையாதபடி ஒரு சட்டகம் பொருத்தச் சொல்கிறார்கள். சிறிய நண்டுகள் வெளியேற 2.3 அங்குலத்துக்குச் சற்று மேல் விட்டமுள்ள வளையங்களும் பல இடங்களில் கட்டாயம். கயிறு அறுந்து தொலைந்த பெட்டியோ வருஷக்கணக்கில் அடியில் கிடந்து பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்ததே அடுத்து வருவதற்கு இரை.

விதிகளும் இதற்குத்தான் அதிகம். மேரிலாந்தில் நீர்க்கரையில் சொந்த நிலம் உள்ளவர்கள் மட்டும், இரண்டு பெட்டி வரை. நியூ ஜெர்சியில் தனி உரிமம், ஆளுக்கு இரண்டு, 72 மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்த்தாக வேண்டும். வர்ஜீனியாவில் இரண்டு வரை உரிமம் வேண்டாம். ஃபுளோரிடாவில் ஆளுக்கு ஐந்து, ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். இவை மாறிக்கொண்டே இருப்பவை. பருவம் தொடங்கும் முன் அந்தந்த மாநில மீன்வளத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

ட்ராட்லைன்

படகு இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். அறுநூறு, ஆயிரம் அடி கயிற்றில் சில அடிக்கு ஒரு இரை கட்டி, இரு முனையிலும் சங்கிலியும் நங்கூரமும் போட்டு, மிதவை கட்டி, அடியில் கிடத்துவார்கள். படகு அதன் மேலேயே மெல்ல ஊர்ந்து போகும். ஓர் உருளையில் ஏறி வரும் கயிற்றோடு நண்டுகளும் வர, ஒருவர் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வலையில் அள்ளுவார். கைக்கயிற்றின் அதே தத்துவம், நூறு மடங்கு. விடிகாலையில் நன்றாக நடக்கும், வெயில் ஏறியதும் நண்டுகள் படகைப் பார்த்து உதிர ஆரம்பித்துவிடும். கூடை கூடையாக வேண்டுமென்றால் வழி இதுதான். படகு ஓட்டவும் வலை வீசவும் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். மேரிலாந்தில் உரிமத்தோடு ஆளுக்கு 1,200 அடி வரை அனுமதி.

கைக்கயிற்றில் வலை வீசக் கை பழகாதவர் நேராக இதில் இறங்கினால், கயிற்றில் வந்த நண்டில் பாதி திரும்பித் தண்ணீருக்கே போகும்.

எந்த இரை

கோழிக்கழுத்தா, மீனா என்ற சண்டை எந்த மேடையில் நின்றாலும் காதில் விழும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அவரவர் சாமானுக்கு. கோழிக்கழுத்து கெட்டியானது, எலும்போடு சேர்ந்தது. நண்டால் பிய்த்துக்கொண்டு போக முடியாது, ஒரே கழுத்து பல நண்டுகளைத் தாங்கும். கைக்கயிற்றுக்கும் மடக்குக் கூண்டுக்கும் அதுதான் ஏற்றது. மென்ஹேடன் மீன் எண்ணெய்ப் பசை நிறைந்தது, வாசனை தூரம் போகும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். கம்பிப் பெட்டியின் இரைக் கூட்டுக்குள் பூட்டி வைத்தால்தான் அதன் பலன். ட்ராட்லைன்காரர்கள் பலர் ரேஸர் கிளாம் என்ற நீளச் சிப்பியைச் சின்ன வலைப்பையில் கட்டிப் போடுகிறார்கள்.

நாறினால்தான் நண்டு வரும் என்று இரையை வெயிலில் காயப் போடுபவர்கள் உண்டு. நண்டு கண்டதையும் தின்னும் என்பது உண்மை. புதிதாக இருப்பதற்குத்தான் முதலில் வரும். பாவம் பக்கத்தில் நிற்பவர்கள்.

மேடையா, கரையா, எந்த நேரம்

முதல் முறைக்குப் பொது மீன்பிடி மேடையே மேல். ஆழம் கிடைக்கும், தூண்கள் இருக்கும், பக்கத்தில் பிடிப்பவரைப் பார்த்தும் கற்கலாம். கரையில் நின்று பிடிப்பதென்றால் சதுப்புப் புல்லின் நடுவே ஓடைகள் வெட்டிக்கொண்டு போகும் இடங்கள் நன்றாக இருக்கும். சேற்றில் இறங்குவதாக இருந்தால் பழைய ஷூ அவசியம். சிப்பி ஓடுகள் காலைக் கிழிக்கும். காயம் இருக்கும் காலோடு கோடையின் வெதுவெதுப்பான உப்புநீரில் இறங்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் வாழும் விப்ரியோ வகை பாக்டீரியா புண் வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை காலையா மாலையா என்பதைவிட ஓதம்தான் முக்கியம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரையின் வாசனை பரவும், நண்டும் நகரும். ஏற்றமும் வற்றமும் நின்று தண்ணீர் அசையாமல் கிடக்கும் நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நண்டுகள் சேற்றில் புதைந்துகொள்ளும், அப்போது எந்தச் சாமானும் உதவாது. ஜூலை மாதம் நண்டு எண்ணிக்கையில் குறைவிருக்காது. ஆனால் குளிருக்கு முன் தின்று கொழுத்திருக்கும் செப்டம்பர், அக்டோபர் நண்டில்தான் சதை. எனக்கு ஒரு வார இறுதிதான் கிடைக்கும் என்றால் செப்டம்பரைத்தான் எடுப்பேன்.

எதை வைப்பது, எதை விடுவது

பிடித்ததும் முதலில் புரட்டிப் பாருங்கள். வயிற்று மடல் ஒடுங்கி நீளமாக இருந்தால் ஆண், அகன்று அரைவட்டமாக இருந்தால் வளர்ந்த பெண், முக்கோணமாக இருந்தால் இளம் பெண். வளர்ந்த பெண்ணின் கொடுக்கு நுனி சிவப்பாகவும் இருக்கும். அடியில் ஆரஞ்சு நிறத்திலோ கறுப்பாகவோ பஞ்சு போல முட்டை ஒட்டியிருந்தால் அது சினை நண்டு, உடனே தண்ணீரில் விட வேண்டும். ஒரு சினையில் இருபது லட்சம் முட்டை போல இருக்கும். மேரிலாந்தின் செசபீக் பகுதியில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் பெண் நண்டையே வைத்துக்கொள்ளக் கூடாது. விரிகுடாவில் 1990 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் நண்டுகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2022இல் வந்தது அதுவரை இல்லாத குறைந்த எண்ணிக்கை. கட்டுப்பாடு ஏன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வைத்துக்கொள்ள நண்டு ஒரு குறைந்தபட்ச அளவாவது இருக்க வேண்டும். அளவு என்பது ஓட்டின் ஒரு பக்க முள்நுனியிலிருந்து மறுபக்க முள்நுனி வரை. வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள், டெக்சாஸில் 5 அங்குலம். நியூ ஜெர்சியின் பெரும்பகுதியில் 4½. மேரிலாந்தில் ஜூலை 14 வரை 5, ஜூலை 15 முதல் 5¼. பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று மலிவாகவே கிடைக்கும், கண்ணளவை நம்ப வேண்டாம்.

சட்டப்படி வைக்கத் தகுந்த நண்டெல்லாம் தின்னத் தகுந்தது என்றும் இல்லை. அடிவயிறு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சமீபத்தில் ஓடு மாற்றியது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். துருப் பிடித்தது போல மங்கி, கையில் கனமாக இருப்பதே சதைப்பிடிப்பானது.

கையில் எடுக்கும்போது பின்பக்கமிருந்து, துடுப்புக் காலின் அடியைப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. கையுறை நம்பிக்கை தரும், ஆனால் பெரிய ஆண் நண்டு கையுறை மேலேயே நெரிக்கும். நீள இடுக்கிதான் நல்லது.

அப்புறம் வீடு வரை கொண்டுபோவது. வாளித் தண்ணீரில் போடுவது இயல்பாகத் தோன்றும், அதுதான் தவறு. ஒரு வாளித் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்து எல்லாம் மூச்சடைத்துச் சாகும். காற்றுப் புகும் கூடையில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, நிழலில் வைத்தால் செவுளில் ஈரம் இருக்கும்வரை பல மணி நேரம் உயிரோடிருக்கும். ஐஸ் வைப்பதென்றால் உருகிய தண்ணீர் நண்டைத் தொடாதபடி வைக்க வேண்டும். சமைப்பதற்கு முன்பே செத்துப்போனதைத் தூக்கி எறிந்துவிடுங்கள், கெடுவது அவ்வளவு வேகம்.

இடத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. நண்டு நிறைய இருக்கிறது என்பதற்காக எந்தத் தண்ணீரிலும் பிடித்துவிட முடியாது. நியூ ஜெர்சியின் நியூவார்க் விரிகுடாவிலும் அதோடு சேர்ந்த ஆற்று முகங்களிலும், பழைய தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்த டையாக்சின் என்ற நச்சு காரணமாக, நீல நண்டு பிடிக்கவே தடை. வேறு சில இடங்களில் நண்டைத் தின்னலாம், மஞ்சளாக இருக்கும் உள்ளுறுப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள். கயிறும் கோழிக்கழுத்தும் வாங்கும் முன், போகப்போகிற இடத்தின் பெயரை அந்த மாநிலத்தின் மீன் உண்ணும் எச்சரிக்கைப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.